வெப்ப அலை அபாய மதிப்பீடு: கட்டுவதும் சோதிப்பதும்

எந்தப் பகுதியில், எந்த நாளில் வெயில் ஆட்களைக் கொல்லும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கீட்டைக் கட்டும் வேலையில் இறங்குகிற பலரும் முதலில் வானிலைத் தரவைத்தான் தேடுகிறார்கள். முதலில் கைக்கு வரவேண்டியது இறப்புக் கணக்கு. குறைந்தது பத்துக் கோடைகளுக்கு, நாள்வாரியாக, பகுதிவாரியாக வாங்குங்கள். பதிவு செய்த தேதி வேண்டாம், இறந்த தேதி வேண்டும். 'வெப்பத்தாக்கு' என்று சான்றிதழில் எழுதியவற்றை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். வெயில் கொன்றவர்களில் பெரும்பாலோர் மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு என்றே பதிவாகியிருப்பார்கள். எல்லாக் காரண இறப்புகளையும் கூட்டி, வழக்கத்தைவிட எவ்வளவு மிகுதி என்று பாருங்கள். 2003-இல் ஐரோப்பாவில் 70,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது அப்படிக் கிடைத்த எண்தான்.

அடுத்தது வெப்பத்தை அளப்பது. உச்ச வெப்பநிலை மட்டும் போதாது. ஈரப்பதம், வெயில், காற்று ஆகியவற்றையும் சேர்த்துக் காட்டும் ஈரக்குமிழ்-கோள வெப்பநிலையை (WBGT) கணக்கிடுங்கள். ஈரக்குமிழ் என்பது ஈரத்திரி சுற்றிய வெப்பமானி, கருங்கோளம் என்பது வெப்பமானியை உள்ளே வைத்த கறுப்புக் கோளம். வெட்டவெளிக்கு: ஈரக்குமிழ் வெப்பநிலை × 0.7 + கருங்கோள வெப்பநிலை × 0.2 + காற்று வெப்பநிலை × 0.1. காற்று 42, ஈரக்குமிழ் 22, கோளம் 56 டிகிரி என்றால் விடை 30.8. காற்று 38, ஈரக்குமிழ் 27, கோளம் 52 என்றால் 33.1. நான்கு டிகிரி குறைந்த நாள்தான் உடலுக்கு மோசமான நாள். ஈரக்குமிழின் திரி காய்ந்தாலோ அழுக்கேறினாலோ அளவு பொய்யாக உயரும். காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். கோளம் 150 மி.மீ. விட்டம் இருக்கட்டும். சிறிய கோளத்தைக் காற்று சீக்கிரம் குளிர்வித்துவிடும், திருத்தக் கணக்கு இல்லாமல் அதன் அளவை நம்பக்கூடாது. செயற்கைக்கோள் காட்டுவது கூரையின் சூடு, காற்றின் சூடு அல்ல. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும் மூன்று நாள் சராசரியையும் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவில் உடல் ஆறவில்லையென்றால் பாதிப்பு நாளுக்கு நாள் ஏறும்.

ஒரு பகுதியின் வெப்பம், அங்கிருக்கும் மக்கள், அவர்களின் தாங்குதிறன் குறைவு: அபாய மதிப்பெண்ணுக்கு இந்த மூன்றையும் கூட்டாதீர்கள், பெருக்குங்கள். கூட்டினால் ஆளே இல்லாத சரக்குக் கிடங்கு வரைபடத்தில் செக்கச்சிவப்பாகத் தெரியும். முதுமை, தனிமை, வெளிவேலை, தகரக் கூரை ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு எடை (முக்கியத்துவம்) என்பதைக் கூட்டம் போட்டு முடிவு செய்வதைவிட, கையிலுள்ள இறப்புத் தரவிலிருந்தே கணக்கிடுவது மேல்.

சோதனையில்தான் அதிகம் சறுக்குவது. பயிற்றுவிக்க ஒரு பங்கு, சோதிக்க ஒரு பங்கு என்று நாட்களைக் கலைத்துப் போட்டுப் பிரிக்காதீர்கள். அடுத்தடுத்த நாட்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், விடையைப் பார்த்துத் தேர்வெழுதிய கதையாகிவிடும். ஒரு முழு ஆண்டைச் சோதனைக்கு ஒதுக்கி, மற்ற ஆண்டுகளில் பயிற்றுவித்து, இதையே ஒவ்வோர் ஆண்டுக்கும் செய்யுங்கள். 'துல்லியம் 95 விழுக்காடு' என்று யாராவது சொன்னால் மயங்கவேண்டாம். 150 நாள் கோடையில் 8 அபாய நாட்கள் என்றால், தினமும் 'அபாயம் இல்லை' என்று சொல்லும் பொம்மைகூட 142 நாள் சரியாகச் சொல்லும். அந்த 8-இல் எத்தனையைப் பிடித்தது, விடுத்த எச்சரிக்கைகளில் எத்தனை பொய் என்ற இரண்டையும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று: பதிவான வெப்பநிலையைக் கொடுத்து மட்டும் சோதித்தால், நடைமுறையில் மதிப்பெண் சரியும். எச்சரிக்கை ஓடப்போவது முன்னறிவிப்பை வைத்து. அன்றன்று வெளியான ஒரு நாள், மூன்று நாள் முன்னறிவிப்புகளின் சேமிப்பை எடுத்து, அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள்.