பிரேக்கை மாற்றிய பிறகு பெடல் மெத்தென்று இறங்குகிறதா? வரிசையாகப் பார்க்கலாம்

காருக்குப் பெரிய டிஸ்க், புது காலிப்பர் (பேடை டிஸ்கோடு அழுத்தும் பாகம்), நல்ல பேடு எல்லாம் போட்டாயிற்று. ஆசையாக ஏறி உட்கார்ந்து மிதித்தால் பெடல் மெத்தென்று பாதி தூரம் இறங்குகிறது. உடனே மாஸ்டர் சிலிண்டர் (மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) போய்விட்டது, மாற்றிவிடு என்று பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்வார். கொஞ்சம் பொறுங்கள். பெடல் எப்படி இறங்குகிறது என்பதைக் கவனித்தாலே பழுது எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும், அதற்குக் காசு செலவில்லை.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெடல் சரியாகும் வரை வண்டி வாசலைத் தாண்டக் கூடாது. நம் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எல்லாம் சமதரைதானே, மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் வாய்க்கால் கரை ரோட்டில் பல இடங்களில் தடுப்பே கிடையாது, அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், வைக்கோல் வழுக்கும், ஆடு மாடு குறுக்கே வரும்.

முதலில் காலால் சோதனை

இன்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை மிதியுங்கள், பெடலை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் தீர்ந்துவிடும். இப்போது நிதானமாக மிதித்து அப்படியே பிடியுங்கள்.

அடுத்தடுத்து மிதிக்க மிதிக்கப் பெடல் மேலே வந்து கெட்டியானால், லைனில் காற்று இருக்கிறது, அல்லது பின் டிரம்மில் ஷூவுக்கு இடைவெளி அதிகம். இந்த இரண்டையும் பிரிப்பது சுலபம்: ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள், பெடல் சட்டென்று உயர்ந்தால் ஷூவை அட்ஜஸ்ட் செய்தால் போதும்.

பிடித்துக்கொண்டிருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், வெளியே எங்கோ ஆயில் கசிகிறது, இல்லை மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் விடுகிறது.

பெடல் நீளமாக இறங்கி, ஆனால் கீழே போய்க் கெட்டியாக நின்றால் அது வேறு கதை. காலிப்பரில் 48 மில்லிமீட்டர் பிஸ்டன் இருந்த இடத்தில் 54 போட்டால் பரப்பு சுமார் 27 சதவீதம் கூடுகிறது, அவ்வளவு கூடுதல் ஆயிலைப் பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ள வேண்டும், அதனால் கால் அதிக தூரம் போகிறது. எத்தனை தடவை காற்று எடுத்தாலும் இது மாறாது. காலிப்பர் எந்த மாடலில் இருந்து வந்ததோ அந்த மாடலின் மாஸ்டர் சிலிண்டர் அளவை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் இறங்கும். அது பூஸ்டர் வேலை செய்வது, பயப்பட வேண்டாம்.

நிப்பிள் மேலே இருக்கிறதா?

நிப்பிள் என்பது காலிப்பரில் காற்றை வெளியேற்றத் திறக்கும் சின்னத் திருகு. என்னைக் கேட்டால் காலிப்பர் மாற்றிய வண்டியில் ஸ்பேனரை எடுக்கும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். இடது காலிப்பரை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் போட்டால் பல வண்டிகளில் அழகாகப் பொருந்திவிடும், நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். காற்று எப்போதும் மேலே தேங்கும், நிப்பிள் கீழே இருந்தால் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றினாலும் அந்தக் காற்று வெளியே வராது. பக்கம் மாற்றிப் போட்டுவிட்டுக் காற்று எடுங்கள்.

காற்று எடுப்பது

புது பாட்டிலாக வாங்குங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நாகப்பட்டினம் பக்கம் திறந்து வைத்த பாட்டிலை நம்பவே வேண்டாம். டாட் 4 என்ற தரத்து ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு அந்தக் கணக்கு 155. டாட் 3 அல்லது 4 ஊற்றிய வண்டியில் சிலிக்கான் வகையான டாட் 5-ஐக் கலக்கவே கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.

சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்துத் தூக்குங்கள். வழக்கமாக மாஸ்டர் சிலிண்டருக்கு அதிக தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குவார்கள், நம் ஊர் வண்டிகளில் அது பின் இடது. சில மாடல்களுக்கு வரிசை வேறு, மேனுவலில் இருக்கும்.

நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்குங்கள். உள்ளே தம்பியோ மச்சானோ உட்காரட்டும். நீங்கள் "அழுத்து" என்றால் அவர் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும், நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஆயிலும் குமிழியும் வந்ததும் மூடிவிட்டு "விடு" என்ற பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். பழைய வண்டி என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள், தரை வரை மிதித்தால் சீல் இதுவரை போகாத துருப்பிடித்த இடத்தில் உரசிக் கிழியலாம். மாஸ்டர் சிலிண்டர் மேலுள்ள பிரேக் ஆயில் டேங்கில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நிற்கும் வரை இதே வேலைதான்.

இன்னும் மெத்தென்று இருந்தால்

ஹோஸ் போல்ட்டின் இரண்டு பக்கமும் புது செம்பு வாஷர் போட்டீர்களா, ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பும், ஒருவர் மிதிக்க நீங்கள் கையால் தொட்டாலே தெரியும். எந்தச் சக்கரம் என்று தெரியவில்லையா? ஹோஸுக்கென்றே விற்கும் கிளாம்பை வைத்து ஒவ்வொரு ரப்பர் ஹோஸாக மென்மையாக அடைத்து மிதியுங்கள், எதை அடைத்தால் பெடல் கெட்டியாகிறதோ அங்கேதான் பிரச்சினை. சாதாரண பிளையர் வேண்டாம், ஹோஸ் உள்ளே கிழியும்.

ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் காற்று அந்த யூனிட்டுக்குள் சிக்கியிருக்கலாம். ஸ்கேனர் வைத்து வால்வை இயக்கித்தான் அதை எடுக்க முடியும், வீட்டில் முயல வேண்டாம், ஸ்கேனர் உள்ள வொர்க்‌ஷாப்புக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

புது பேடு டிஸ்கில் முழுசாகப் படியாததால் வரும் லேசான மென்மை, பேடு கம்பெனி சொன்ன முறையில் படிய வைத்தால் போகும். பிடித்தால் இறங்கும் பெடல் அப்படிப் போகாது.

கெட்டியானதும் ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். மறுநாள் காலையில் டேங்கில் ஆயில் அளவையும் நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அளவு துளி இறங்கியிருந்தாலும் வண்டியை எடுக்காமல் வாஷரில் இருந்து மறுபடி தொடங்குங்கள்.