உண்ணி கடித்தால் முதலில் செய்ய வேண்டியது
காடுகள் துண்டாடப்பட்டு, எலிகளும் மான்களும் குடியிருப்புகளை நெருங்கிவிட, குளிர்காலமும் மிதமாகி வருவதால், உண்ணிகள் முன்பு காணப்படாத இடங்களிலும் பரவுகின்றன. உண்ணிக்கடியால் பரவும் பாக்டீரியா தொற்றான லைம் நோயின் கிருமி உடலில் புகுவதற்கு உண்ணி பொதுவாக 24 மணி நேரத்திற்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், புதர்ப்பகுதியிலிருந்து திரும்பிய அன்றே அக்குள், முழங்காலின் பின்புறம், தலைமுடி ஆகிய இடங்களைச் சோதிப்பது பெரும்பயன் தரும். சில வைரஸ்கள் மட்டும் இதைவிட மிக விரைவாகத் தொற்றும். உண்ணியைக் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். தீயால் சுடுவதும் எண்ணெய் தடவுவதும், பலர் நம்பினாலும், தவறான வழிகளே. கடித்த தேதியைக் குறித்துவைத்து, அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ விரிந்து பரவும் சிவந்த தடிப்போ தோன்றினால், மருத்துவரிடம் உண்ணிக்கடியைத் தவறாமல் குறிப்பிடுங்கள். நோய் பரவும் பகுதிகளைச் சுகாதாரத் துறை அடையாளம் காண்பதும் இத்தகைய தகவல்களைக் கொண்டுதான்.