குடும்ப ஜெபத்தில் பிள்ளையைத் திட்டுவதும் வேறு சில தவறுகளும்

இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பாயை விரித்து, எல்லாரும் உட்கார்ந்து, ஒரு கீர்த்தனை பாடி, ஒரு சங்கீதத்தை ஆளுக்கொரு வசனமாக வாசித்து முடித்த பின்பு அப்பா ஜெபிக்கத் தொடங்குகிறார். ஊழியர்களுக்காகவும் சுகவீனர்களுக்காகவும் வேண்டிக்கொண்டு, மூன்றாவது நிமிடத்தில் மகனிடம் வந்து சேர்கிறார். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும். எந்நேரமும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிற பழக்கத்தை அவனைவிட்டு எடுத்துப்போடும். கணக்கில் 38 மார்க் வாங்கியிருக்கிறான் ஆண்டவரே, பெற்றோர் படுகிற பாட்டை உணருகிற இருதயத்தைக் கொடும்." பையன் ஒரு கண்ணைத் திறந்து தங்கையைப் பார்க்கிறான்; அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். ஆமென் சொல்லும்போது அவன் குரல் மட்டும் வரவில்லை.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. நானும் அந்தப் பாயில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவன்தான். பிறகு, வெட்கத்தோடு சொல்கிறேன், அதே ஜெபத்தை என் வாயாலேயே செய்தவன். இதில் என்ன தவறு என்று கேட்டால், பேச்சு ஆண்டவரை நோக்கிப் போவதுபோல் போய் மகன்மேல் விழுகிறது என்பதுதான். நேரில் திட்டினால் அவன் ஒரு பதில் சொல்லலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், எழுந்து போகலாம். ஜெபத்தில் திட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. போதாததற்கு முடிவில் ஆமென் வேறு சொல்ல வேண்டும். இப்படிச் சில வருடங்கள் போனால், ஜெபம் என்றாலே தன் குறைகள் வீட்டார் முன் வாசிக்கப்படுகிற நேரம் என்று பிள்ளை முடிவு செய்துகொள்வான். மார்க்கைப் பற்றிப் பேச வேண்டுமானால் மாலையில் அவனோடு உட்கார்ந்து பேசலாம். ஜெபத்தில் அவனுக்காக என்ன கேட்க வேண்டும் என்பதை அவனிடமே கேட்டுவிட்டு, அவன் சொன்னதை மட்டும் சொல்லி வேண்டிக்கொள்வது நல்லது. "நாளைக்குக் கிரிக்கெட் டீமில் என்னைச் சேர்க்கணும்" என்று அவன் சொன்னால் அதையே கேளுங்கள். அது சின்ன விஷயமாக நமக்குத் தோன்றுவது அவனுடைய குற்றமல்ல.

இதன் இன்னொரு வடிவம் சிறு பிள்ளைகளிடம் நடக்கிறது. சாப்பிட அடம்பிடிக்கிற மூன்று வயதுக் குழந்தையிடம், "இயேசப்பா பார்த்துக்கிட்டே இருக்கார், கண்ணைக் குத்திடுவார்" என்று சொல்லி ஒரு வாய் சோறு ஊட்டிவிடலாம். அந்த நேரத்துக்கு வேலை நடந்துவிடும். ஆனால் அதே குழந்தையிடம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில், சிறு பிள்ளைகளைத் தம்மிடத்தில் வரவிடும்படி சொன்னவர் அவர் என்று கதை சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டில் எது அதன் மனதில் தங்கும் என்று நினைக்கிறீர்கள்? தினமும் சொல்லப்பட்டதுதான்.

பயமுறுத்துவதிலிருந்து பிரம்புக்கு அதிக தூரமில்லை. "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்ற நீதிமொழிகள் 13:24 மனப்பாடமாகத் தெரியாத கிறிஸ்தவத் தகப்பன் குறைவு. நம் வேதாகமத்தில் இங்கே பிரம்பு என்று வருகிற எபிரெயச் சொல்தான், 23-ஆம் சங்கீதத்தில் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்ற இடத்தில் கோல் என்று வருகிறது. லேவியராகமம் 27:32-இல் மேய்ப்பன் ஆடுகளை எண்ணிக் கடக்கவிடுகிற கோலுக்கும் அதே சொல்தான். தமிழில் மட்டும் வாசிக்கிறவர் கண்ணுக்கு இந்தத் தொடர்பு படாமல் போகிறது. இதைச் சொல்லி, அடிப்பதைப் பற்றி நீதிமொழிகளில் ஒன்றுமே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. 23-ஆம் அதிகாரத்தில் பிரம்பினால் அடிப்பது வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் அந்த வசனத்தைத் தேடி எடுக்கிறவர்கள், வீட்டில் கை ஓங்கப்படுகிற நேரங்களைக் கொஞ்சம் கணக்கெடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது அலுவலகத்தில் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாளாகவோ, மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோன நாளாகவோ இருக்கும். அது சிட்சை அல்ல. எரிச்சல், வசனத்தைப் போர்த்திக்கொண்டு வருகிறது.

பவுல் எபேசியருக்கு எழுதியதை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும்: "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக." ரோமச் சட்டத்தின்படி பிள்ளைகள்மேல் தகப்பனுக்கு ஏறக்குறைய எல்லையற்ற அதிகாரம் இருந்த காலத்தில் எழுதப்பட்ட வரி இது. பிள்ளைகள் கீழ்ப்படிய வேண்டும் என்று யாரும் எழுதியிருப்பார்கள். தகப்பனுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்ததுதான் அங்கே புதிது. நாமோ அதே அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நான்காவது வசனத்துக்கு வருமுன் வேதாகமத்தை மூடிவிடுகிறோம்.

வாக்குத்தத்த அட்டைகளால் வருகிற தவறு வேறு வகையானது. "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற உபாகமம் 28:13 பொதுத்தேர்வு மாதங்களில் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டப்படுகிறது. மார்க் வந்ததும் சபையில் எழுந்து சாட்சி சொல்கிறார்கள். சொல்லட்டும், நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் இரண்டு வரிசை தள்ளி, அதே அட்டையைத் தன் மேசையில் ஒட்டியிருந்து, நீட் தேர்வில் இரண்டாவது முறையும் தவறிய பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டவர் அவளை வாலாக்கிவிட்டார் என்றா அவள் எடுத்துக்கொள்வது? அந்த வசனம், கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற நிபந்தனையோடு ஒரு ஜனம் முழுவதற்கும் சொல்லப்பட்டது. எந்தக் கட்டளைகள் என்று நான்கு அதிகாரங்கள் பின்னால் போய்ப் பார்த்தால், ஏழைக் கூலிக்காரனுடைய கூலியை அன்றைக்கே, பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்று 24-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிற அக்கா காய்ச்சலில் இரண்டு நாள் வராததற்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்ட வீட்டில், அதே உபாகமத்தின் வசனம் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சம்பளத்தை எண்ணிக் கொடுக்கும்போது பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளையும் பார்த்தது.

பிள்ளைகள் பார்ப்பதில் இன்னும் கனமான ஒன்று உண்டு. 1833-இல் கல்கத்தாவின் பேராயராயிருந்த டேனியல் வில்சன், தென்னிந்தியாவின் மிஷன் சபைகளில் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றிலுமாகவும் கைவிடப்பட வேண்டும் என்று கட்டளை எழுதினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஏறக்குறைய 200 வருடங்கள் ஆகப்போகின்றன. இன்றும் கிறிஸ்தவ வரன் தேடும் விளம்பரங்களில் சபையின் பெயருக்கு அடுத்த சொல்லாகச் சாதியின் பெயர் வருகிறது. "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்பதைப் பிள்ளைக்குப் பரிசுக்காக மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, அவளே கல்லூரி முடித்து, விசுவாசத்தில் உறுதியான, ஆனால் "நம்மவர்" அல்லாத ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது வீட்டில் என்ன நடக்கிறது? ஆலயத்தில் கேட்ட எந்தப் பிரசங்கத்தையும்விட அந்த ஒரு வாரத்தில் அவள் கற்றுக்கொள்வது ஆழமாக இறங்கும். இந்த இடத்தில் பெற்றோருக்கு நான் சொல்லக்கூடிய எளிய யோசனை ஒன்றும் இல்லை. முன்கூட்டியே, அவளுக்கு பத்து வயதாயிருக்கும்போதே, கணவனும் மனைவியும் தங்களுக்குள் உண்மையாகப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும் என்பதைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளிக்கும் மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1529-இல் மார்ட்டின் லூத்தர் சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலை எழுதியபோது, குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு எப்படி எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்பதையே அதன் பகுதிகளுக்குத் தலைப்பாக வைத்தார். போதகர் கற்பிக்க வேண்டியது என்று அந்தத் தலைப்புகளில் அவர் எழுதவில்லை.

பிள்ளையின் கேள்விகளை "ஆண்டவரைக் கேள்வி கேட்கக்கூடாது" என்று அடக்குவதும் அப்படிப்பட்டதுதான். நோவாவின் பேழைக்கு வெளியே இருந்த குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று ஏழு வயதுச் சிறுவன் கேட்டால், அவன் அவிசுவாசியாகிவிடவில்லை. கதையைக் கவனமாகக் கேட்டிருக்கிறான். பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர்களின் நடுவே உட்கார்ந்து அவர்களை வினாவிக்கொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். "எனக்கும் அது கஷ்டமான கேள்விதான், ரெண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம்" என்று சொல்வதால் தகப்பனுடைய மதிப்பு குறைவதில்லை. அதுபோலவே, தப்பாகக் கோபப்பட்டால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதாலும் குறைவதில்லை. இராப்போஜனத்துக்கு முன்பு சபையோடு சேர்ந்து பாவ அறிக்கையை வாய்விட்டுச் சொல்கிற நமக்கு, "நேத்து உன்மேல கத்தினது என் தப்பு, மன்னிச்சிரு" என்ற ஒரு வாக்கியம் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

வளர்ந்த பிள்ளை ஜெபத்துக்கே வரமாட்டேன் என்று நிற்கும்போதுதான் பெற்றோர் மிகவும் தடுமாறுகிறார்கள். "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற வசனத்தை உத்தரவாதப் பத்திரமாக எடுத்துக்கொண்டவர்கள், எங்கே தவறினோம் என்று தங்களையே குத்திக்கொள்கிறார்கள். உறவினர்கள் அந்தக் குத்தலில் தங்கள் பங்கையும் சேர்க்கிறார்கள். சாமுவேலின் குமாரர் தகப்பனுடைய வழிகளில் நடவாமல் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள் என்று வேதாகமமே ஒளிக்காமல் சொல்கிறது. நீதிமொழி வாழ்க்கையின் போக்கைச் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிக்கொடுத்த ஒப்பந்தமல்ல. ஆனால் இந்தக் குற்ற உணர்ச்சியில் செய்யப்படுகிற தவறுகள் நிறைய: மூடிய அறைக் கதவுக்கு வெளியே நின்று அவன் காதில் விழும்படி சத்தமாக ஜெபிப்பது, வாட்ஸ்அப்பில் காலையும் மாலையும் வசனப் படங்களை அனுப்புவது, ஊரிலிருந்து வந்த ஊழியக்காரரைச் சொல்லாமல் கொள்ளாமல் அவன் அறைக்குள் கூட்டிப்போய் விடுவது.

இப்படிப்பட்ட பெற்றோருக்குப் பெண்கள் ஐக்கியக் கூட்டங்களில், நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மோனிக்காவின் கண்ணீரை எடுத்துச் சொல்வார்கள். பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகராக அறியப்பட்ட அவர் மகன் அகுஸ்தீன், தாயின் விசுவாசத்தைவிட்டு வேறு மார்க்கத்துக்குப் போனபோது அவர் அழுதது உண்மை. 387-இல் மிலானில் அவன் ஞானஸ்நானம் பெற்றதும் உண்மை. இடையில் நடந்த இரண்டு காரியங்களைத்தான் யாரும் அதிகம் சொல்வதில்லை. என் மகனிடம் வந்து பேசுங்கள் என்று அவர் ஒரு பேராயரிடம் கெஞ்சியபோது, அவன் இப்போது கேட்கிற நிலையில் இல்லை, அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு என்று அந்தப் பேராயர் மறுத்துவிட்டார். அதற்கும் முன்பே, தன் வீட்டில் சேர்க்கமாட்டேன் என்று தள்ளிவைத்திருந்த அந்த மகனை, அவன் கொள்கையில் ஒரு மாற்றமும் வராத நிலையிலேயே, மோனிக்கா மறுபடியும் வீட்டுக்குள் சேர்த்துத் தன்னோடு ஒரே மேசையில் சாப்பிட உட்காரவைத்திருந்தார். அவன் மனம் திரும்ப அதன் பிறகும் ஏறக்குறைய ஒன்பது வருடங்கள் ஆயின. ஒன்பது வருடங்கள் என்றால் எத்தனை வேளைச் சாப்பாடு என்று, ஜெபத்துக்கு வராத மகனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிற அம்மா ஒருவர் என்னிடம் கணக்குப் போட்டுக் காட்டினார்.