அக்குளில் நிணநீர்க் கசிவு நிற்காவிட்டால்: மறுபடி திறக்கும்போது கவனிக்க வேண்டியவை

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்த பிறகு டிரெயினில் (வடிகுழாயில்) நீர் வடிவது இயல்பு. அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரு நாளின் அளவு 30 மி.லி.க்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம். மூன்று வாரம் கடந்தும் நாளுக்கு நூறு மி.லி.க்குக் குறையாமல் வந்தால்தான் யோசிக்க வேண்டும். அதற்காக உடனே கத்தியை எடுக்க வேண்டாம், பெரும்பாலான கசிவுகள் தானாகவே அடங்கிவிடும். ஆனால் கீமோவும் கதிர்வீச்சும் தள்ளிப்போகின்றன என்றால் காத்திருக்கவும் ஓர் எல்லை வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் டிரெயினின் நுனியில் நீரை உறிஞ்சும் பல்பைப் பாருங்கள். அது உப்பிக் கிடந்தால் உறிஞ்சல் இல்லை, தோல் கீழே ஒட்டவும் ஒட்டாது. அடுத்தது நீரின் நிறம். வைக்கோல் நிறம் என்றால் நிணநீர். கலங்கலும் காய்ச்சலும் சேர்ந்தால் தொற்று. பால் போல வந்தால் குடலிலிருந்து வரும் கொழுப்பு கலந்த நிணநீர். இது அபூர்வம், பெரும்பாலும் இடப்பக்கம்தான். கொழுப்பில்லாத உணவிலேயே பல சமயம் நின்றுவிடும்.

திறப்பது என்று முடிவானால் கசியும் வாயைக் கண்டுபிடிக்கச் சாயம் கட்டாயம். வாயைக் காணாமல் அங்கங்கே தையல் போட்டால் கசிவும் நிற்காது, கையின் நிணநீரை வடிக்கும் நல்ல குழாய்களும் அடைபட்டுக் கை வீங்கும். நீர்த்த மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தை 2 மி.லி. அளவில் மேல்கையின் உட்புறம் தோலுக்கு அடியில் செலுத்தி, ஐந்து நிமிடம் அக்குளை நோக்கி நீவி விடுங்கள். நீர்க்காமல் தோலுக்குள்ளேயே ஏற்றினால் தோல் வெந்து போகும். நோயாளி மனச்சோர்வுக்கு எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை எடுக்கிறாரா என்று முன்பே கேளுங்கள். எடுத்தால் இந்தச் சாயம் கூடாது. ரத்த ஆக்சிஜனைக் காட்டும் ஆக்சிமீட்டர் சிறிது நேரம் பொய்யாகக் குறைத்துக் காட்டும் என்று மயக்க மருத்துவரிடமும் சொல்லிவையுங்கள். அப்படியே நீண்ட நேரத் தசைத்தளர்வு மருந்து வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நரம்பைத் தொட்டால் தசை துடிப்பது தெரிய வேண்டும்.

பழைய தழும்பு வழியே திறந்து, தேங்கிய நீரை உறிஞ்சி, உலர்ந்த காஸை ஒற்றி எடுங்கள். பெரும்பாலும் அக்குள் சிரைக்குக் கீழே வெளிப்புறத்தில் ஒரு நீலப் புள்ளி மெல்ல ஊறி வரும். களம் முழுக்க நீலமாகிவிட்டால் உப்பு நீரால் கழுவி ஒற்றிவிட்டுப் பொறுங்கள், மறுபடி ஊறும் இடமே வாய். அதைச் சுற்றியுள்ள கொழுப்பையும் சேர்த்து 5-0 பாலிப்ரோப்பிலீன் நூலால் எட்டு வடிவத் தையல் போடுங்கள். காட்டரியை (சுட்டு அடைக்கும் மின்கருவியை) மட்டும் நம்ப வேண்டாம். நிணநீரில் ரத்தத் தட்டணுக்கள் இல்லை, உறைபொருளும் குறைவு, கருகிய பொருக்கு சில நாளில் உதிர்ந்துவிடும். கசிவது கையை வடிக்கும் பெரிய நிணநீர்க் குழாயாக இருந்து, நுண்ணோக்கியும் பழகிய கையும் இருந்தால், கட்டிப்போடுவதைவிட 11-0 நைலான் நூலில் பக்கத்துச் சிறு சிரையோடு இணைப்பது மேல்.

வாயை அடைப்பது பாதி வேலைதான். நாட்பட்ட குழியில் வழவழப்பான உறை படிந்திருக்கும். அதை விட்டுவைத்தால் தோல் ஒட்டாது, நீர் மறுபடி தேங்கும். எனவே உரித்தெடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புங்கள், புற்று திரும்பியிருந்தால் அதிலேயே தெரியலாம். சிரை மீதும் நரம்புகள் மீதும் ஒட்டியிருக்கும் பகுதியை மட்டும் உரிக்காமல் சுரண்டி விட்டால் போதும். பிறகு தோல்மடலை 3-0 விக்ரில் என்ற கரையும் நூலால் 2 முதல் 3 செ.மீ. இடைவெளியில் கீழுள்ள தசையோடு பிடித்துத் தையுங்கள். மார்புச் சுவரோரம் ஆழமாகக் குத்தினால் நீள்மார்பு நரம்பு அகப்படும், தோள்பட்டை எலும்பு இறக்கை போலப் புடைக்கும். கதிர்வீச்சு பட்டு விறைத்த அக்குளில் இந்தத் தையல் பிடிக்காது. முதுகின் அகன்ற தசையைத் திருப்பிக் குழியை நிரப்ப வேண்டியிருக்கும்.

புதிய டிரெயினைத் தனித் துளை வழியே வையுங்கள். விரல், முழங்கை அசைவுகளை முதல் நாளே தொடங்கலாம், தோளை மட்டும் ஒரு வாரத்துக்கு 90 பாகைக்கு மேல் தூக்க விடாதீர்கள். சிறுநீர் ஓரிரு நாள் நீலப் பச்சையாகப் போகும். அதை நோயாளியிடமும் வார்டு நர்ஸிடமும் முன்பே சொல்லிவிட்டால் நள்ளிரவில் போன் வராது.