ஒரே வேகத்தில் போகும்போது வண்டி இழுத்து இழுத்து விடுகிறதா? செய்யக்கூடாதவை

பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான் செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டிலிருந்து பழைய வண்டிகள் வெளியே வரும். ஆள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், வண்டி மட்டும் ஆறு மாதமாகச் சாக்கைப் போர்த்திக்கொண்டு நிற்கும். நாலு கிக்கில் ஸ்டார்ட் ஆகிவிட்டால் உடனே குன்றக்குடி பக்கம் ஒரு ரவுண்டு. அங்கேதான் வினை. 45இல் ஆக்சிலேட்டரை அசைக்காமல் பிடித்திருந்தாலும் வேகம் தானாக ஏறும், இறங்கும், பின்னால் யாரோ கயிறு கட்டி இழுத்து விடுகிற மாதிரி. அப்பாவின் பழைய 100 சிசி வண்டி எனக்கு இதைத்தான் செய்தது. இதில் செய்யக்கூடிய தவறு ஒன்றைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

முதல் தவறு, நேராக ஸ்க்ரூடிரைவரை எடுப்பது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் கார்பரேட்டரின் பக்கவாட்டில், அந்தக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நின்றது என்று எண்ணாமலே திருகிவிடுவோம், அப்புறம் பழைய இடத்துக்குத் திரும்பவும் வழி இருக்காது. அந்த ஸ்க்ரூ ஏர் பில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகினால்தான் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருக வேண்டும். இது தெரியாமல் ஒரு வாரம் எதிர்த்திசையில் திருகிக்கொண்டிருந்தவன் நான்.

அதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஆளில்லாத ரோட்டில், வண்டி இழுத்து விடுகிற அந்த நேரத்திலேயே, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கால்வாசி மட்டும் போட்டுப் பாருங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்றுக் கூடுதலாக உள்ளே போகிறது. கலவை அப்படி வற்றிப்போனால் ஒரு தடவை எரியும், அடுத்த தடவை சரியாக எரியாது, அதுதான் இந்த ஏற்ற இறக்கம். சோக் போட்டதும் இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம், இல்லை கோளாறு பிளக், கரண்ட் பக்கம்.

சோக்கில் சரியாகிறது என்றால் டேங்க்கில் தொடங்கி மேலிருந்து கீழே வாருங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகுதான் தொல்லை தொடங்குகிறதா? டேங்க் மூடியைத் திறந்து மூடி ஓட்டுங்கள். உடனே தெளிந்தால் மூடியின் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது, இதைப் பார்க்காமல் கார்பரேட்டரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். பிறகு இன்ஜின் ஆறியதும் பெட்ரோல் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பாருங்கள், விட்டுவிட்டு வந்தால் டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கிலுள்ள வலையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் என் சந்தேகம் முதலில் ஸ்லோ ஜெட் மேல்தான், அதாவது ஆக்சிலேட்டர் குறைவாக இருக்கும்போது பெட்ரோல் விடும் கார்பரேட்டரின் சின்னத் துளை. கார்பரேட்டரின் அடிக் கிண்ணத்தில் நின்ற பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். 45இல் ஆக்சிலேட்டர் கொஞ்சம்தான் திறந்திருக்கும், அப்போது அந்தத் துளையின் பங்கு பெரிது. அதன் அளவோ அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. அதில் ஊக்கு, ஊசி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் ஜெட் போச்சு. கார்பரேட்டர் க்ளீனர் அடித்து, காற்று ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வட்டமாகத் தெரிய வேண்டும்.

பிக்கப் கூடும் என்று ஏர் பில்டரைக் கழற்றி எறிகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கலவை இன்னும் வற்றும், அதோடு நம்ம ஊர்ச் செம்மண் புழுதி நேராக சிலிண்டருக்குள் போகும். செயின் தொய்ந்திருந்தாலும் இதே மாதிரி வெட்டி வெட்டி இழுக்கும், அதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகள் குறைந்த ஆக்சிலேட்டரில் லேசாகத் தட்டித் தட்டி ஓடுவது இயல்பு, அதற்காக எதையும் பிரிக்க வேண்டாம்.

என் வண்டியில் ஸ்லோ ஜெட்டைச் சுத்தம் செய்ததில் பாதிதான் சரியானது. மீதி, கார்பரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் ஒளிந்திருந்தது. காற்று எடுக்கக்கூடாது என்று முன்பு யாரோ, நானாகவும் இருக்கலாம், இரண்டு போல்ட்டையும் ஓங்கி முறுக்கியதில் அலுமினிய முகம் லேசாக வளைந்து, நடுவிலிருந்த ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் தட்டையாகிக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. நம்ம ஊர் வீட்டுத் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் வார்ப்பதால்தானே அதன் முகம் அப்படி வழுவழுப்பாக வருகிறது, அதே யோசனைதான். ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் நைஸ் எமரித் தாளை விரித்து, ஜெட்டையும் மிதவையையும் கழற்றி வைத்துவிட்டு, கார்பரேட்டரின் வளைந்த முகத்தை வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். முழுப்பரப்பிலும் ஒரே மாதிரி கோடு விழுந்ததும் நிறுத்தி, கழுவி ஊதி, புது ஓ ரிங் போட்டேன்.

இப்போது வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது பெட்ரோல் காக்கை மூடி, கிண்ணத்துக்கு அடியிலிருக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்து காலி செய்துவிட்டுத்தான் சாக்கைப் போர்த்துகிறேன்.