உங்கள் வீடியோ கேமராவுக்கு அகச்சிவப்பு தெரியுமா?

அறையை இருட்டாக்கி, டிவி ரிமோட்டின் முனையை கேமராவுக்கு நேராகப் பிடித்து வால்யூம் பட்டனை அழுத்திக்கொண்டே இருங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் வெளிர் ஊதாப் புள்ளி துடித்தால், சுமார் 940 நானோமீட்டர் ஒளி உள்ளே வருகிறது. செல்போனின் பின் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். அதில் அகச்சிவப்புக்கான தடுப்பு பெரும்பாலும் பலவீனம்தான்.

கேமராவுக்குள் ஒளியை உணரும் சிலிக்கான் சென்சார் ஏறக்குறைய 1100 நானோமீட்டர் வரை உணரும். நிறம் கெடாமலிருக்க, அதன் முன்னே ஒரு கண்ணாடி வடிகட்டி 700க்கு மேற்பட்டதைத் தடுக்கிறது. சோனி ஹேண்டிகேமில் நைட்ஷாட் (இருட்டில் படமெடுக்கும் வசதி) சுவிட்சைத் தள்ளினால் அந்தக் கண்ணாடி விலகிவிடும்.

பகலில் எடுக்க, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் 720 நானோமீட்டர் ஃபில்டர் வேண்டும். காசு செலவழிக்க மனமில்லையா? டெவலப் செய்த கலர் நெகட்டிவின் கருத்த நுனியை இரண்டு அடுக்காக லென்ஸ் முன் ஒட்டுங்கள். படம் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை. வேலூர்க் கோட்டை அகழியோரம் நின்று மரங்களைப் பாருங்கள்: இலையெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருக்கும், தண்ணீர் கருத்துக் கிடக்கும். நைட்ஷாட்டில் ஷட்டர் மெதுவாக ஓடுவதால் உச்சிவெயிலில் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். ஒளியைக் குறைக்கும் என்டி8 ஃபில்டர் சேருங்கள், இல்லையேல் காலையிலேயே போங்கள். ஆட்டோஃபோகஸ் தடுமாறினால் கையால் திருப்புங்கள்.

வீட்டுக்குள் எல்இடி பல்பு உதவாது, அதில் அகச்சிவப்பு அநேகமாக வராது; பழைய 60 வாட் குண்டு பல்பு போடுங்கள். கத்திரி வெயிலில் கொதிக்கும் மொட்டைமாடியின் சூட்டை இந்தக் கேமரா காட்டாது. அதற்கு வெப்பக் கேமரா வேறு.