ஈரிழைத் துண்டு, இலவம் பஞ்சு, ஒற்றைக் கொலுசு

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவில் பகலெல்லாம் தறி ஓடும். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்தால் ஏனென்று கேட்க ஆளில்லை. தறி நின்ற பிறகுதான் வம்பு. "ஏங்கண்ணு, சீரியல்ல என்ன பேசுறாங்கன்னே கேக்கலையே" என்று எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலுக்கு வந்துவிடுவார்.

பெரியம்மாவுக்காகச் சத்தத்தை அமுக்குவது வேறு. மேடையில் கொய்ங்கென்று இழுக்கும் ஓசையை வெட்டுவது வேறு. முதலாவதற்கு யோசிக்கவே வேண்டாம். மேலே மாட்டியிருக்கும் டாம், மடிக்கு முன்னால் நிற்கும் ஸ்நேர் இரண்டின் மேலும் தேங்காய்ப்பூத் துண்டு, உலோகத் தட்டான சிம்பலுக்குப் பழைய பனியன், முடிந்தது. இரண்டாவதில்தான் வேலை இருக்கிறது.

ஸ்நேரில் எதையும் ஒட்டுவதற்கு முன்னால் திருகுகளைச் சரிபாருங்கள். ஒரு பக்கம் தளர்ந்திருந்தால் எந்தத் துணியும் காப்பாற்றாது. அப்புறம் நடுவில் மெதுவாகத் தட்டிக்கொண்டே, இன்னொரு கை விரலை ஓரத்தில் வைத்து ஒவ்வொரு திருகுக்கும் பக்கமாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் கொய்ங் சட்டென்று அடங்கும். போட வேண்டிய கனம் அங்கேதான். மடித்த துணியும் டேப்பும் போதும். கிழிந்த பழைய ஸ்கின்னிலிருந்து (டிரம்மில் அடிபடும் பிளாஸ்டிக் தோல்) ஓர் அங்குல அகலத்துக்கு வளையம் வெட்டி ஓரமாகப் படுக்க வைத்தால் இன்னும் இறுக்கமாகக் கேட்கும்.

இதொன்றும் வெள்ளைக்காரன் வித்தை இல்லை. மிருதங்கக்காரர் கச்சேரிக்கு முன் தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், ரவையைப் பிசைந்து அப்புவதும் கனத்தை ஏற்றி ஓசையை இறக்கத்தான். அதையே ஸ்நேரில் ஒட்டிப் பார்த்தேன். தோலில் பிடிப்பதுபோல் பிளாஸ்டிக்கில் பிடிக்கவில்லை. இரண்டாவது பாட்டில் பறந்துபோய் கீபோர்டு மேல் விழுந்தது.

டாமுக்கு ஈரிழைத் துண்டு. பாதித் தோல் மூடினால் போதும், துணிக் கிளிப் போட்டு வளையத்தோடு கவ்விவிடுங்கள். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் பாத்திரம் துடைக்கும் துண்டைப் போட்டு வாசித்தவர்தான். பழைய மெல்லிசைப் பாட்டுகளுக்கு அந்த 'டப்' அப்படியே பொருந்தும்.

தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமுக்குள் நான் போடுவது இலவம் பஞ்சு, நெல்லிக்காய் அளவில் ஐந்தாறு உருண்டை. அடித்ததும் எகிறும், உடனே கீழ்த்தோலில் வந்து அமரும். அடி முழுசாகக் கேட்கும், வால் மட்டும் குறையும். சேலத்துக்காரன் புத்தி, ஒருமுறை பஞ்சுக்குப் பதில் ஒரு பிடி ஜவ்வரிசி போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் தகரக் கொட்டகையில் மழை. எடுக்க மறந்து பரணில் ஏற்றிய செட்டை எலி கண்டுபிடித்துவிட்டது. புது ஸ்கின் வாங்கினேன்.

காலால் அடிக்கும் பேஸ் டிரம்முக்குள் ஒரு தலையணை. அடிபடும் தோலைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். அடைத்துத் திணித்தால் அட்டைப்பெட்டிச் சத்தம்தான். ஏற்காட்டு எஸ்டேட் கல்யாணங்களுக்குப் போகும்போது காப்பிக்கொட்டைச் சாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கி அடியில் விரிப்பேன். வழவழ தரையில் டிரம் முன்னால் ஓடாது.

அலங்காரத்துக்கு என் ஓட்டு பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் நெய்யும் சேலைக்கு. ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றில் ஐந்து டிரம்மும் அடங்கிவிடும். 22 அங்குல பேஸ் டிரம்மைச் சுற்றிவரவே 70 அங்குலம்தான். லக்கையெல்லாம் (திருகு மாட்டும் உலோகக் கட்டைகள்) கழற்றிவிட்டு டபுள் டேப் போட்டு இழுத்து ஒட்டுங்கள். ஃபெவிகால் வேண்டாம், உரிக்கும்போது அழுவீர்கள். தோல் உட்காரும் விளிம்புக்கு அரை அங்குலம் கீழேயே துணி நின்றுவிட வேண்டும்; மேலே ஏறினால் ஸ்கின் சமமாக உட்காராது, சுருதியே நிற்காது. பக்கத்தில் காற்றுப்போக ஓர் ஓட்டை இருக்கும், அதை மூடிவிடாதீர்கள். பற்றவைத்த ஊதுபத்தியால் துணியில் அந்த இடத்தைத் தொட்டால் பாலியஸ்டர் உருகி, பிசிறில்லாமல் வட்டமாகத் திறக்கும். ஸ்டிக்கர், ஜிகினா எல்லாம் உங்கள் பாடு. தோலில் மட்டும் ஒட்டாதீர்கள்.

கடைசியாகக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய ஜோடியில் ஒன்றை வீட்டுக்காரி தொலைத்துவிட்டாள். மிச்சமான ஒற்றையை, பெரிய சிம்பலான ரைடின் நடுத் திருகில் நூலால் கட்டி, நுனி விளிம்புக்கு இரண்டங்குலம் உள்ளேயே கிடக்கிற மாதிரி விட்டேன். அடித்தால் மணிகள் உலோகத்தின் மேல் நடுங்கி 'ஸ்ஸ்ஸ்' என்று நீளும். மெலடிப் பாட்டுக்கு அவ்வளவு அழகு. குத்துப்பாட்டுக்கு அவிழ்த்துவிடுங்கள், குச்சியில் சிக்கும். வெள்ளிதான் வேண்டுமென்றில்லை, கவரிங்கும் அதே சத்தம்தான். தொலைந்த கொலுசு போன மாதம் பீரோவுக்கு அடியில் கிடைத்துவிட்டது. என்னுடையதைத் திருப்பிக் கேட்கிறாள், நான் இன்னும் கழற்றவில்லை.